ஹந்தானையில் வளரும் நாய்க்குட்டியின் ஆகாரம் குறித்து

மாத்தளை

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமா எழுதிக்கொள்வது. அவ்விடத்தில் உன் அம்மாவின் சர்க்கரை வியாதி கட்டுப்பாட்டில் இருப்பதையும், குழந்தை தவழத் தொடங்கியிருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மனம் மகிழ்ந்தேன்.

மூன்று மாதத்து ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டியொன்றை வாங்கியிருக்கிறாய் என்றும், அதற்குப் பச்சை இறைச்சியே இயற்கை ஆகாரம் என்று படித்தறிந்து அவ்விதமே ஊட்ட எண்ணியிருக்கிறாய் என்றும், அம்மாவோ தோட்டத்து லயங்களின் நாய்கள் சோறும் கறியும் தின்றே வளர்ந்தன என்று அதை மறுக்கிறார் என்றும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். கால்நடைத் திணைக்களத்தில் வெகுகாலம் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் மறைக்காமல் சொல்லுகிறேன்: அந்தக் குட்டியின் இப்போதைய பருவத்துக்கு நீ எண்ணுவதும் பொருந்தாது, அம்மா சொல்வதும் பொருந்தாது. வீட்டில் ஆக்கிப் போடும் ஆகாரத்துக்கு நான் விரோதி அல்லன். ஆனால் அதற்கு வேளை இருக்கிறது, அளவும் இருக்கிறது.

முதலில் எலும்பைப் பற்றிப் பேசுவோம், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே உன் குட்டிக்கு முக்கியம். காட்டில் வேட்டையாடும் பிராணி தன் இரையின் சதையை மாத்திரம் தின்பதில்லை. எலும்பையும் ஈரலையும் குடலையும் சேர்த்தே தின்கிறது. ஆதலால் சதையில் இல்லாதது எலும்பிலிருந்து அதற்குக் கிடைத்துவிடுகிறது. நாமோ கடையில் துப்புரவாக்கிய கோழியின் சதையை வாங்கி, அதைச் சோற்றோடு பிசைந்து வைத்து, போஷாக்கான ஆகாரம் கொடுத்துவிட்டோம் என்று திருப்தி அடைகிறோம். 100 கிராம் கோழிச் சதையில் பொஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்க, கல்சியமோ 15 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. இரத்தத்தில் கல்சியம் குறையும்போது, தொண்டையருகே இருக்கும் சிறு சுரப்பிகள் தூண்டப்பட்டு, அந்தக் குறையை எலும்பிலிருந்து கரைத்தெடுத்து நிரப்புகின்றன. வளரும் குட்டியின் எலும்போ இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பதனால், கட்டுமுன்பே கரைந்துபோகிறது. கால்கள் வில்லாய் வளைவதும், பாதம் விரிந்து தட்டையாவதும், திண்ணையிலிருந்து குதித்த மாத்திரத்தில் தொடை எலும்பு முறிவதும் இதனால் வரும் உபத்திரவங்களே. நல்ல இறைச்சியையே தினந்தோறும் வாங்கிப் போட்ட வசதியான வீடுகளிலிருந்துதான் இப்படிப்பட்ட குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்பில் குறை வைத்தவர்கள் அல்லர் அவர்கள்.

அப்படியானால் கல்சிய மாத்திரையை அள்ளிப் போட்டுவிடலாமே என்று நீ எண்ணக்கூடும். பெருஞ்சாதி நாய்களின் விஷயத்தில் அதுவும் ஆபத்து. இளங்குட்டியின் குடல் மிகுதியாய் வந்த கல்சியத்தைத் தள்ளிவிட அறியாமல் உள்வாங்கிக்கொள்வதால், மூட்டுகளும் எலும்புகளும் கோணலாய் வளர இடமுண்டு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006-இல் வெளியிட்ட நியமங்களின்படி, வளர்ந்த நாய்க்கு 1,000 கிலோகலோரி ஆகாரத்துக்கு 1 கிராம் கல்சியம் போதுமானதாயிருக்க, குட்டிக்கு 3 கிராம் வேண்டும். கூடுதலுக்கும் எல்லை உண்டு. இத்தனை நுட்பமான கணக்கை அடுப்படியில் கையளவால் நிதானிப்பது எவராலும் ஆகாது. ஆகையால் குட்டிக்கு ஒரு வயது கடந்து, எலும்பு வளர்ச்சி முடிகிறவரை, பெருஞ்சாதிக் குட்டிகளுக்கென்றே தயாரித்த உலர் தீனியைப் பிரதான ஆகாரமாக வைத்துக்கொள். வேகவைத்த முட்டையோ மீனோ சிறிது மேலே சேர்த்தால் தவறில்லை. 2022-இல் ரூபாய் சரிந்தபின் இறக்குமதித் தீனியின் விலை ஏறியதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் இந்த ஒரு வருஷத்துச் செலவு ஆயுள் முழுவதற்குமான கால்களைக் கட்டுகிறது.

இனிப் பச்சை இறைச்சி. இந்தக் கொள்கைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் 1993-இல் இது குறித்து நூல் எழுதிய ஆஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். சதையொட்டிய எலும்புக்கு அவர் தந்த பிரதான இடத்தை விட்டுவிட்டுச் சதையை மாத்திரம் பின்பற்றுகிறவர்களே நம்மிடையே அதிகம். நாய் ஓநாயின் வம்சமாதலால் ஓநாயின் ஆகாரமே அதற்கு உரியது என்ற வாதமும் முழுதும் நிற்காது. மாச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு பிரதிகளாய் நாயிடத்தில் இருப்பதை, ஸ்வீடன் தேசத்து உப்சாலா விஞ்ஞானிகள் 2013-இல் எடுத்துக்காட்டினார்கள். மனிதனோடு சோற்றைப் பகிர்ந்துகொண்டே நாயாய் மாறிய ஜீவன் அது; வெந்த சோறு அதற்கு அந்நியம் அல்ல.

இதைவிடப் பெரிய சங்கதி உன் வீட்டில் இருக்கிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் இருப்பது சாதாரணம். நாய்க்கு ஒரு நோக்காடும் தோன்றாமலே அவை அதன் குடலில் தங்கி, மலத்தோடு வெளிப்பட்டு, உரோமத்திலும் நாவிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த நாவு நக்கிய சிமெந்துத் தரையில்தான் உன் குழந்தை தவழ்கிறது. நோயெதிர்ப்புக் குன்றிய உன் அம்மாவும் அங்கேதான் நடமாடுகிறார். குளிரூட்டியில் உறையவைத்தால் சில புழுக்கள் சாகுமே தவிரக் கிருமிகள் சாகா, உறக்கமே கொள்ளும். 2022-ஆம் வருஷத்தில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அப்படியொரு நாளில் உருகி மறுபடியும் உறைந்த இறைச்சியைப் பார்வையால் அடையாளங் காணவும் இயலாது.

மற்றொன்றும் உண்டு. தோட்டங்களில் முனியாண்டி கோயிலில் கிடாய் வெட்டும்போது, குடலையும் கெட்டுப்போன ஈரலையும் சுற்றி நிற்கும் நாய்களுக்கு எறிவது வெகுநாளைய வழக்கம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாய் இருக்கும் ஒருவகை நாடாப்புழு, அதைத் தின்ற நாயின் குடலில் முதிர்ந்து முட்டையிட, அந்த முட்டை மனிதன் வாய்க்குள் போனால் அவன் ஈரலிலும் வருஷக்கணக்கில் கட்டி வளரும். உன் நாயை அவ்விடத்தில் அவிழ்த்துவிடாதே. ஆட்டு ஈரல் கொடுப்பதானால் உள்வரை வேகவைத்தே கொடு. பச்சை மீனையும் பச்சை முட்டை வெண்கருவையும் தொடர்ந்து கொடுப்பது, சில உயிர்ச்சத்துகளை உடம்புக்கு எட்டாமல் தடுக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்.

லயத்து நாய்களைப் பற்றி அம்மா சொன்னதற்கு மரியாதையோடு ஒரு மறுமொழி. பிழைத்த நாய்களையே நாம் கண்டோம். பிறந்த குட்டிகளில் எத்தனை மடிந்தன என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. பிழைத்தவையும் வீட்டுச் சோற்றோடு நிற்காமல், எலும்பையும் எலியையும் பெருக்கி எறிந்த கருவாட்டுத் தலையையும் தேடித் தின்றன. சங்கிலியில் கட்டி வளரும் உன் குட்டிக்கு அந்தச் சுதந்தரம் ஏது? அன்றியும், நம் கறியில் சேரும் வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு சதையத்தை அழற்சியடையச் செய்யக்கூடும். நாயின் பங்கை, தாளிப்பதற்கும் உப்பிடுவதற்கும் முன்பே தனியே எடுத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்.

குட்டி வளர்ந்தபின் வீட்டில் ஆக்க விரும்பினால், 20 கிலோ நிறையுள்ள, சாதாரணமாய் நடமாடும் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கிலோகலோரி வேண்டும் என்று வைத்துக்கொள். வெந்த சோறு 300 கிராம், எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழி 250 கிராம், ஈரல் 30 கிராம், அவித்த பூசணியோ போஞ்சியோ ஒரு பிடி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது அடித்தளம். ஈரலை இதற்குமேல் கூட்டாதே. அதிலுள்ள ஏ உயிர்ச்சத்து மிகுந்தால் நஞ்சாகும். முட்டையோட்டைக் கழுவிப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவாய் அரைத்து, அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல் கலந்தால் கல்சியம் நேராகும். வெந்த எலும்பை மாத்திரம் ஒருபோதும் போடாதே. அது கூரிய சிராய்களாய் உடைந்து குடலைக் கிழிக்கும்.

இவ்வளவு செய்தாலும் நாகம், அயடின், டி, ஈ உயிர்ச்சத்துகள் ஆகியவை குறையவே செய்யும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரீட்சித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறிப்புகளில் அத்தியாவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது; அவற்றில் மிருக வைத்தியர்கள் எழுதியவையும் அடக்கம். ஆகவே நான் எழுதிய இந்த அளவும் ஆரம்பமே. குறைநிரப்பும் தூளை வைத்தியரே நிர்ணயிக்கவேண்டும். கொழுந்து நிறுக்கையில் அரைக்கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையோடு நியாயம் பேசிய குடும்பத்தில் பிறந்தவன் நீ. நாயின் ஆகாரத்தையும் அந்தக் கண்டிப்போடு தராசில் நிறுத்தே போடு. தீனியை மாற்றும்போது பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாய்க் கூட்டி, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மாற்று.

ஹந்தானை மலையடிவாரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடமும், அதைச் சேர்ந்த போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. இத்தனை அருகில் அப்படியொரு ஸ்தாபனம் வாய்த்தவர்கள் இத்தீவில் வெகு சிலரே. இந்த வாரமே குட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போ. இதுவரை அது என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்பதைத் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோ. விசர்நாய்த் தடுப்பூசிக்கும் நாள் கேட்டுக்கொள். அவர்கள் சொன்னதை எனக்கு ஒரு வரி எழுது.

ஆசீர்வாதத்துடன்,
மாமா