மரம் எப்படிப் பாடுது?

ஒரு ரப்பர் பேண்டை விரல்களில் இழுத்துப் பிடித்துத் தட்டுங்க. சத்தம் லேசாத்தான் கேட்கும். அதையே மூடி இல்லாத காலி பனியன் அட்டைப்பெட்டியில் மாட்டித் தட்டுங்க. சத்தம் கூடும்! ஏன்? மெல்லிய ரப்பர் தனியாக அசைக்கும் காற்று கொஞ்சம்தான். பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் நிறைய காற்று அசையும்.

கிட்டாரின் வயிறு வெற்றாக இருப்பதும், வீணைக்குக் குடம் இருப்பதும் இதுக்காகத்தான்.

தஞ்சாவூரில் பலா மரத்தைக் கையாலேயே குடைந்து வீணை செய்றாங்க. குடத்தின் சுவர் தடிமனாக இருந்தால் நல்லா அதிராது. ரொம்ப மெலிந்தால் விரிசல் விடும். குடைஞ்சு எடுத்த மரத்தைத் திரும்ப வைக்கவா முடியும்? ஒரே மரத்துண்டில் செய்தால் ‘ஏகாந்த வீணை’. துண்டுகளை இணைத்தால் ‘ஒட்டு வீணை’.

அடுத்து 24 மெட்டுகளை மெழுகில் பதிப்பாங்க. இங்கே அளவுகோல் மட்டும் போதாது. ஒவ்வொரு சுரத்தையும் காதால் கேட்டு, மெட்டை நகர்த்திச் சரி பண்ணணும். கம்பிகள் 7: வாசிக்க 4, தாளத்துக்கு 3.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்து பாருங்க: அந்தப் பெட்டிக்குள் பனியன் வேஸ்ட் துணியை அடைத்துத் தட்டினால் சத்தம் என்னாகும்? ஏன்?