கட்-ஆஃப் சீட் வாங்கித் தரும், ஃபீஸை யார் கட்டுவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வர்ற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதுதான். "சர்டிபிகேட் எல்லாம் வாங்கியாச்சா?" என்று கேட்பவர் குறைவு. ஆனால் அடுத்த நாலு வருஷம் வீட்டில் கடன் ஏறுமா, ஏறாதா என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கு. நாம கவுன்சிலிங் முடிச்சு வந்துட்டோம். இனி தம்பி, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பசங்க நம்மகிட்டதான் வந்து கேட்பாங்க. அதனால ஒரு தடவை தெளிவாப் பார்த்துடலாம்.

மார்க் செய்யும் வேலை

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. 2006-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, மொத்தம் 200. கணக்கில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 93 என்றால் 98 + 47.5 + 46.5 = 192. கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபிலும் ஒன்று போகும். மற்ற இரண்டில் போனால் அரைதான்.

இந்த கட்-ஆஃபை வைத்து ரேங்க், 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி சீட். கவனிங்க, இந்தக் கணக்கில் அப்பாவின் சம்பளம் எங்கேயும் வரவில்லை. சீட் கிடைத்த பிறகுதான் அது பேச ஆரம்பிக்கும்.

தேவை எங்கே உள்ளே வருது?

முதலாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2021-இல் வந்தது. இங்கேயும் கட்-ஆஃப்தான் வரிசை. ஆனால் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

இரண்டாவது, முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இதற்கு வருமான வரம்பு இல்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

மூன்றாவது, வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகைகள். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டத்தில் பெண்களுக்கு வருஷம் 50,000 ரூபாய். வரம்பு 8 லட்சம்.

மார்க்கும் தேவையும் சேர்ந்தே கேட்கும் திட்டமும் இருக்கு. மத்தியத் துறை உதவித்தொகைக்கு போர்டு தேர்வில் 80-ஆவது பெர்சென்டைலுக்கு மேல் இருக்கணும், வருமானமும் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதல் மூன்று வருஷம் 12,000, நாலாவது வருஷம் 20,000. வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது. புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத அட்டெண்டன்ஸும் வேணும். பங்க் அடிக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

மாட்டிக்கொள்ளும் இடம்

165 கட்-ஆஃப் எடுத்த ஒரு பையனை எடுத்துக்குவோம். வீட்டின் முதல் பட்டதாரி. கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைக்கலாம். ஆனால் "கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிடும்" என்ற பயத்தில், கவுன்சிலிங் தொடங்கும் முன்பே மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டிடுறாங்க. முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். சான்றிதழ் கையில் இருக்கும், சலுகை இருக்காது. ஃபீஸும் கவுன்சிலிங் சீட்டைவிட அதிகம். குடும்பத்தின் கஷ்டம் அதேதான். சேர்ந்த வழி மாறியதால் உதவி போச்சு. அந்த பிராஞ்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் அதன் விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்றேன்.

இன்னொன்றும் உறுத்துது. மார்க்கை அரை மார்க் வரைக்கும் அளக்கிறோம். தேவையை மட்டும் ஒரு கோடு போட்டு அளக்கிறோம். 2,50,000 என்றால் உள்ளே, 2,51,000 என்றால் வெளியே. தினக்கூலிக்குப் போகும் அப்பாவிடம் சம்பளச் சீட்டு ஏது? மார்க் தானாகவே போர்டிலிருந்து வந்துவிடும். தேவையை நாமதான் காகிதத்தில் காட்டணும்.

அதனால ஜூனியர்ஸ் கேட்டா இதைச் சொல்லுங்க: ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் வருமானம், சாதி, முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கணும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் பார்த்து முடிக்க நாள் ஆகும். அந்த வருஷத்துக் கையேட்டில் வரம்புகளைச் சரிபார்க்கணும். அதுக்கு முன்னாடி எந்தக் காலேஜிலும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.