சிதறாத ஃபிளாஷ்

திருவேங்கடம் போன்ற ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் போட்டோகிராபருக்குப் பெரிய தொந்தரவு, மண்டபத்தின் வெள்ளைச் சுவர்தான். ஃபிளாஷ் அடித்ததும் மணப்பெண்ணின் முகத்தோடு பின்னால் கிடக்கும் நாற்காலிகளும் பளிச்சென்று விழும். பவரைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும். ஒளி பரவும் இடத்தைத்தான் சுருக்க வேண்டும்.

முதலில் கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அப்பெர்ச்சர் எஃப் 8 என்று அமைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். அது ஏறக்குறையக் கறுப்பாக வந்தால் டியூப்லைட்டின் கதை முடிந்தது. ஷட்டரை இன்னும் கூட்டத் தேவையில்லை; பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

அடுத்து, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, டிரிகர் மாட்டி, பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகும். முகம் ஃபிளாஷிலிருந்து ஒரு மீட்டரிலும் சுவர் நான்கு மீட்டரிலும் இருந்தால், சுவருக்குப் போய்ச் சேருவது பதினாறில் ஒரு பங்குதான். காசு செலவில்லாத வித்தை இது. மணப்பெண்ணைச் சுவரை விட்டு நாலு எட்டு முன்னால் வரச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிக்கு ஸ்னூட். கறுப்புச் சார்ட் அட்டையைக் குழலாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஃபிளாஷ் தலையில் மாட்டினால் ஒளி வட்டமாக விழும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரத்தில் அட்டைக்கா பஞ்சம்? குழல் நீள நீள வட்டம் சிறுக்கும்.

வட்டத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தால் கிரிட் செய்துகொள்ளலாம். கறுப்பு ஸ்டிராக்களை ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி, ஒரு சட்டத்துக்குள் நெருக்கி ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்டிராவுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. காகித ஸ்டிராவே போதும். கிரிட் ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். 1/16 பவரில் இருந்தால் 1/8-க்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். மூடிய தலையோடு முழுப் பவரில் விடாமல் அடித்தால் ஃபிளாஷ் சூடேறும். நடுவில் ஆறவிட வேண்டும்.

பழக, புதிதாகக் கொத்திய அம்மிக்கல்லே நல்ல மாடல். கிரிட் மாட்டிய ஃபிளாஷைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கி ஓரத்திலிருந்து அடித்தால் ஒவ்வோர் உளிக்குழியும் நிழலோடு எழும். நேராக அடித்தால் அதே கல் மொட்டையாகத் தெரியும். பக்கத்துக் கழுகுமலையின் சமணப் புடைப்புச் சிற்பங்களுக்கும் இந்த ஓர ஒளிதான் பொருந்தும். அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் ஸ்டாண்டும் ஃபிளாஷும் கொண்டுபோகுமுன் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டுவிட வேண்டும்.