கல்யாணில் இருந்தபடியே கல்வி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி?

பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு எம்.எட்., பிஎச்.டி. என்று மேலே படிக்கும் ஆசிரியர்கள் கல்யாண், டோம்பிவிலி பக்கம் பலர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் திணறடிப்பது 'முந்தைய ஆய்வுகள்' என்ற அத்தியாயம்தான். கூகுளில் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். நல்லதாக ஒன்றைத் திறந்தால் டாலரில் பணம் கேட்கும். அந்தப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அதே கட்டுரை வேறொரு வழியில் இலவசமாகக் கிடைக்கும்.

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: தாராவியில் தமிழ் வழியில் தொடக்கக் கல்வி படித்த பிள்ளைகள் ஆங்கில வழி உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது என்ன ஆகிறது? மொழி, மாணவர், இடம் என்று தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதே பொருள் தரும் எல்லாச் சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மொழிக்கு 'மதர் டங்', 'நேட்டிவ் லாங்வேஜ்', 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று மூன்றாவது தேறும். இடத்துக்கு மும்பை மட்டும் போதாது. நகரத்தின் பெயர் 1995-இல்தான் மாறியது. அதற்கு முந்தைய ஆய்வுகள் 'பாம்பே' என்று தேடினால்தான் அகப்படும். ஒரே பத்தியில் உள்ள சொற்களை 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் சேருங்கள். பத்திகளை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. சொற்றொடர்களுக்கு இரட்டை மேற்கோள் குறி அவசியம்.

தேடலை ஷோத்கங்காவில் தொடங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் கோப்புகள் இருக்கும். முழுவதையும் இறக்க வேண்டாம். முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் அத்தியாயத்தையும் கடைசியில் உள்ள நூற்பட்டியலையும் எடுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்தது அங்கே இருக்கிறது. ஆய்வேடுகளின் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும் என்பதால் அவர்கள் முடிவுகளை அப்படியே எடுக்காமல், அவர்கள் சுட்டும் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். மராத்தி தெரிந்தவர்கள் தேவநாகரியிலும் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்து எரிக். அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளம், 1960-களிலிருந்து இயங்குவது, கல்விக்கென்றே உள்ளது, தேடுவதற்குக் காசில்லை. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் 'டிஸ்கிரிப்டர்' என்ற நிலையான குறிச்சொற்களை இட்டிருப்பார்கள். தாய்மொழிவழிக் கல்விக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'நேட்டிவ் லாங்வேஜ் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. பயிற்று மொழிக்கு 'லாங்வேஜ் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. நீங்கள் 'மதர் டங்' என்று மட்டும் தேடினால், கட்டுரையாசிரியர் அந்தச் சொல்லை எழுதாத நல்ல கட்டுரைகள் நழுவிவிடும். ஆகவே உங்கள் சொற்களில் ஒருமுறை தேடி, பொருத்தமான ஒரு கட்டுரையைத் திறந்து, அதற்கு இட்ட டிஸ்கிரிப்டர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மறுபடி தேடுங்கள். அலைச்சல் பாதியாகக் குறையும். பிறகு 'பீர் ரிவ்யூட் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். பக்கவாட்டில் இடம் வாரியாக இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பதிவின் எரிக் எண் 'இஜே' என்று தொடங்கினால் அது இதழில் வந்த கட்டுரை. 'இடி' என்றால் அறிக்கை, மாநாட்டு உரை போன்றவை.

எரிக்கில் இந்திய இதழ்கள் குறைவு. மும்பையிலிருந்து 1966 முதல் வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் களஞ்சியத்தில் உள்ளன. கன்டெம்பரரி எஜுகேஷன் டயலாக் இதழைத் தவறவிடாதீர்கள். என்சிஇஆர்டியின் ஜர்னல் ஆஃப் இந்தியன் எஜுகேஷனை அதன் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி நேரடியாக எழுதப்பட்டது சொற்பம். பட்டியல் வெறுமையாக வந்தால் தலைப்பை மாற்றிவிடாதீர்கள். அந்த வெறுமையே உங்கள் ஆய்வுக்கான நியாயம். இடத்தை மட்டும் அகலப்படுத்துங்கள். மும்பையின் உருது, இந்தி வழிப் பள்ளிகள், ஒடிசாவின் கோந்த் பழங்குடிப் பிள்ளைகளிடம் அஜித் மொகந்தி செய்த ஆய்வுகள், நைஜீரியாவில் 1970-இல் யொரூபா மொழியில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி தந்து பார்த்த இஃபே திட்டம் என்று வெளியே போனால் ஒப்பிடப் பொருள் நிறையக் கிடைக்கும்.

பணம் கேட்கும் கட்டுரைகளுக்கு முதலில் உங்கள் கல்லூரி நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மும்பைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர் என்றால், வீட்டிலிருந்தே நுழையும் வசதி உண்டா என்று பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். தனியார் கல்லூரி மாணவர்கள், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் 'என்-லிஸ்ட்' சேவையின் உறுப்பினர் எண் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். ஃபாஸ்ட் லோக்கலில் குர்லா இறங்கினால் கலினாவில் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு நூலகம். ஹார்பர் லைனுக்கு மாறினால் தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் நூலகம். வெளியாட்களுக்கான விதியை முன்கூட்டியே கேட்டு, உங்கள் ஆய்வு வழிகாட்டியின் கடிதத்தோடு போங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் கூகுள் ஸ்காலரில் அதன் தலைப்பைத் தட்டி, அடியில் 'சைட்டட் பை' என்பதைச் சொடுக்குங்கள். அதற்குப் பின் அதை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதற்குள் பல நேரம் இலவசப் பிரதி இருக்கும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் இங்கே கலந்திருக்கும். ஆசிரியர் குழு யார், மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தேடிய நாள், தளம், தட்டிய சொற்கள், வைத்த வடிகட்டி, வந்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். வழிகாட்டி கேட்கும்போது காட்ட உதவும். கட்டுரைகளைச் சேர்த்துவைக்க ஜோடெரோ என்ற இலவச மென்பொருள் போதும். எங்கும் கிடைக்காத கட்டுரைக்கு அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். நீங்கள் யார், என்ன ஆய்வு, எந்தக் கட்டுரை வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் போதும். பலர் மனமுவந்து அனுப்பிவைப்பார்கள்.