சம்பளச் சீட்டும் பைத்தான் கணக்கும்



இம்முறை நம்ம பாடப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது பற்றிப் பார்ப்போம். "அது படிச்ச புள்ளைங்களுக்கு, நமக்கு என்னத்துக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரிந்தால் போதும். உங்கள் சம்பளச் சீட்டை நீங்களே சரி பார்க்கலாம். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாள் முதல் நம்ம உழைப்பு எண்ணாகத்தான் ஏட்டில் ஏறுகிறது. அந்த எண்ணை வாசிக்கத் தெரியாவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

பைத்தான் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி 1991ல் வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். அவர் ரசித்த ஒரு ஆங்கில நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து வைத்தது. இதற்குக் காசு இல்லை, இலவசம். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான் பாடத்திலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு 3 என்ற செயலியைப் போட்டால் வீட்டிலேயே பழகலாம். ஒரு தடவை இறக்கிக் கொண்டால் லயத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் கணக்குப் போடும்.

செயலியில் இன்டர்பிரிட்டர் என்ற பகுதியைத் திறந்தால் >>> என்ற குறி வரும். அதன் பக்கத்தில் கணக்கை எழுதி என்டர் தட்டினால் அடுத்த வரியில் விடை வரும்.

பாடம் 1: நான்கு குறிகள்

கூட்டலுக்கு + , கழித்தலுக்கு - . இரண்டும் பள்ளியில் படித்ததுதான். பெருக்கலுக்கு * என்ற நட்சத்திரக் குறி, பிரித்தலுக்கு / என்ற சாய்ந்த கோடு.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். பழகுவதற்கு அந்த எண்ணையே எடுப்போம். உங்கள் சீட்டில் என்ன எண் இருக்கிறதோ அதைப் போட்டுக் கொள்ளுங்கள். 22 பேர் விழுந்த மாதம் என்றால்:

>>> 1350 * 22
29700

மேல் கிலோ 46, ஒரு கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

>>> 1350 * 22 + 46 * 50
32000

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆயிரத்துக்கு நடுவில் கமா போடக் கூடாது. 1,350 * 22 என்று அடித்தால் பைத்தான் அதை 1 என்றும் 350 என்றும் இரண்டு எண்ணாகப் பிரித்துக் கொள்ளும். விடை (1, 7700) என்று வரும். எண்ணுக்கு முன்னால் சும்மா பூச்சியமும் போடாதீர்கள். 08 என்று எழுதினால் பிழை என்று சொல்லும்.

பாடம் 2: எது முதலில்?

பெருக்கலும் பிரித்தலும் முதலில் நடக்கும், கூட்டலும் கழித்தலும் பிறகு. போன மாதம் 29700, அதற்கு முந்திய மாதம் 27000. மாதச் சராசரி என்ன என்று பார்க்க இப்படி அடித்தால்:

>>> 29700 + 27000 / 2
43200.0

இரண்டு மாதச் சம்பளத்தை விடவும் சராசரி கூடுமா? கூடாது. 27000 மட்டும் இரண்டாகப் பிரிந்து விட்டது. அடைப்புக்குறி போட்டால் சரியாகும்:

>>> (29700 + 27000) / 2
28350.0

பிரித்தல் குறி போட்டால் விடையில் எப்போதும் புள்ளி இருக்கும். 28350.0 என்றால் 28350தான், குழம்ப வேண்டாம்.

பாடம் 3: சேமலாப நிதி

ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 100க்கு 8. தோட்டம் தன் கையிலிருந்து போடுவது 100க்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் போடுவது 100க்கு 3, அது நம் சம்பளத்தில் பிடிக்கிற பணம் அல்ல. நாட்சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்ப்போம்:

>>> 29700 * 8 / 100
2376.0
>>> 29700 * 12 / 100
3564.0
>>> 29700 * 3 / 100
891.0

ஆக, சேமலாப நிதியில் அந்த மாதம் நம் பேரில் சேர வேண்டியது 2376 + 3564 = 5940 ரூபாய். சீட்டில் 2376 மட்டும்தான் கழிவாகத் தெரியும். மற்றது சேர்ந்ததா என்பதை மத்திய வங்கியின் கணக்குக் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயதான காலத்தில் கையில் கிடைக்கப் போவது இந்தப் பணம்தான்.

பாடம் 4: மீதி வரும் கணக்கு

தீபாவளி முற்பணம் 20000 ரூபாயை 6 மாதத்தில் கழிக்கிறார்கள் என்று வையுங்கள்.

>>> 20000 / 6
3333.3333333333335

கடைசியில் 5 எப்படி வந்தது? கம்ப்யூட்டர் எல்லா எண்ணையும் 0, 1 என்ற இரண்டு இலக்கத்தில் வைத்திருக்கிறது. அதற்கு இடம் போதாதபோது கடைசி இலக்கத்தில் சிறு பிசகு வரும். இதற்காக வேறு இரண்டு குறி இருக்கிறது. // போட்டால் முழு எண் மட்டும், % போட்டால் மீதி மட்டும்.

>>> 20000 // 6
3333
>>> 20000 % 6
2

மாதம் 3333, மீதி 2. ஆகவே கடைசி மாதம் மட்டும் 3335 கழித்தால் கடன் சரியாக முடியும். ஏழாவது மாதமும் சீட்டில் கழிவு இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது.

பாடம் 5: வட்டிக்கு வட்டி

 ** என்று இரண்டு நட்சத்திரம் போட்டால், ஒரு எண்ணை அதே எண்ணால் பல தடவை பெருக்கு என்று அர்த்தம். 2 ** 3 என்றால் 2 * 2 * 2, அதாவது 8. இது எதற்கு? கடன் எடுக்கும் முன் பார்க்கத்தான்.

10000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 5 வட்டி. நேர் வட்டி என்றால் 12 மாதத்துக்கு வட்டி 6000. வட்டியைக் கட்டாமல் விட்டு, அந்த வட்டிக்கும் வட்டி ஏறினால்:

>>> 10000 * 1.05 ** 12

விடை 17958.56 என்று தொடங்கி நீளமாக வரும். அசலைக் கழித்தால் வட்டி மட்டும் 7958 ரூபாய்க்கு மேல். 12 என்ற இடத்தில் 24 போட்டுப் பாருங்கள். கடன் 32000 ரூபாயையும் தாண்டி விடும். ஒரு மாதம் முழுக்க மலையேறிப் பறித்து வாங்குகிற சம்பளம் அது. கையெழுத்து வைக்கும் முன்னால் இந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள்.

பாடம் 6: தமிழிலேயே பேர் வைக்கலாம்

எண்ணுக்குப் பேர் வைத்து விட்டால் திரும்பத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. இன்று பாவிக்கிற பைத்தான் 3ல் அந்தப் பேர் தமிழிலும் இருக்கலாம்.

>>> நாள் = 22
>>> சம்பளம் = 1350
>>> நாள் * சம்பளம்
29700

இங்கே = என்பது "இந்தப் பேரில் இந்த எண்ணை வைத்துக்கொள்" என்ற கட்டளை. பேருக்கு நடுவில் இடைவெளி விடக் கூடாது. முழுக்கத் தமிழிலேயே கட்டளை கொடுக்க ஆசைப்படும் பிள்ளைகள், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியையும் தேடிப் பார்க்கலாம். அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. 19 நாள் வேலை, நாட்சம்பளம் 1350. சம்பளம் எவ்வளவு? அதில் 100க்கு 8 எவ்வளவு?
2. 15000 ரூபாய் முற்பணம், 7 மாதத் தவணை. மாதம் எவ்வளவு? மீதி எவ்வளவு?
3. மூன்று நாளில் பறித்த கொழுந்து 25, 31, 28 கிலோ. நாள் சராசரி என்ன?

விடைகள்: (1) 25650, 2052.0 (2) 2142, மீதி 6 (3) 28.0

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டை அடுப்பில் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மாதம் ஒரு நாள் சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அது அடிக்கட்டும். பிள்ளைக்குக் கணக்கு வரும், உங்களுக்குச் சம்பளம் விளங்கும். விடையும் சீட்டும் ஒத்து வராவிட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். நாள் எத்தனை, கிலோ எத்தனை, கழிவு எத்தனை என்று எழுதி எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை ஐயாவிடமோ, ஆபீசிலோ, நலன்புரி அலுவலரிடமோ கேளுங்கள். எண்ணைக் காட்டிக் கேட்கிறவருக்கு எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த பாடத்தில், 18 கிலோவுக்கு மேல் பறித்தால் மட்டும் மேல் கிலோ காசு சேர்க்கும்படி கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். அதுவரை பழகுங்கள்.