பழைய காருக்குப் புதிய உள்ளமைப்பு: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

லோத்குண்டா வழியாகச் செல்லும் ராஜீவ் ரஹதாரிச் சாலையில் ஓடும் கார்களின் எண்பலகைகள் அவற்றின் வயதைச் சொல்லிவிடுகின்றன. டி.ஜி. என்று தொடங்குபவை 2024 மார்ச் மாதத்துக்குப் பின் பதிவானவை. டி.எஸ். என்று தொடங்குபவை 2014 ஜூனில் தெலங்கானா மாநிலம் உருவான பின்னர் பதிவானவை. இந்நகரிலேயே பதிவாகி இன்னும் ஏ.பி. எழுத்துகளைத் தாங்கி ஓடுபவை அதற்கும் முற்பட்டவை. பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டவை. இவற்றுள் பலவற்றின் எஞ்சின் இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் இருக்கைகள் அமுங்கிவிட்டன; டேஷ்போர்டு வெயிலில் வெளுத்துவிட்டது; பின்னால் வருவதைக் காட்டும் கேமராவோ தொடுதிரையோ இல்லை. காரை விற்க மனமில்லாத உரிமையாளருக்கு, அதே மாடலின் புதிய காரில் உள்ள பாகங்களை வாங்கித் தம் காரில் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் காரின் உட்புறத்தில் உள்ள எல்லாப் பாகங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. சில, நம் வசதிக்காக இருப்பவை. சில, மின்சுற்றைச் சார்ந்தவை. சில, விபத்தின்போது நம் உயிரைக் காக்க அமைக்கப்பட்டவை. முதல் வகையில் நமக்கு முழு உரிமை உண்டு. இரண்டாம் வகையில் கவனம் வேண்டும். மூன்றாம் வகையில் கை வைக்கவே கூடாது. இவ்வேறுபாட்டை அறிந்தபின் பணத்தை எடுப்பதே முறை.

பொருந்துமா என்பதே முதற்கேள்வி

ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கார்கள் ஒரே கார் ஆகிவிடமாட்டா. மாருதி ஸ்விஃப்ட் இந்தியாவில் 2005-இல் அறிமுகமானது. 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் அதன் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. 2011 முதல் 2018 வரையிலான ஒரே தலைமுறைக்குள், குறைந்த விலை வகையில் உயர்ந்த வகையின் இருக்கை உறை, கதவுப் பலகை, ஆடியோ கருவி போன்றவை பெரும்பாலும் பொருந்திவிடும். ஆனால் 2018 தலைமுறையின் டேஷ்போர்டை 2010-ஆம் ஆண்டுக் காரில் பொருத்த முடியாது. அடித்தளமே மாறிவிட்டதால் திருகுத் துளைகள், குளிர்காற்றுக் குழாய்கள், மின்கம்பித் தொகுதி எவையும் ஒன்றோடொன்று சேரா. எனவே பாகத்தை மாடலின் பெயரைச் சொல்லிக் கேளாமல், தயாரிப்பு ஆண்டையும் மாதத்தையும் வகையையும் பாக எண்ணையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரே உடல் நெடுங்காலம் நீடித்தாலும் பாகங்கள் தனித்தனியே இயங்குவதில்லை என்பதற்கு அம்பாசிடர் நல்ல சான்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கார், 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை மேற்குவங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. பழைய அம்பாசிடரில் முன்னிருக்கை ஒரே நீண்ட பெஞ்சு. கியர்த் தண்டு ஸ்டீயரிங் தூணில் இருந்தது. 1990களில் இசுசு எஞ்சினுடன் வந்த 1800 மாடலில் முன்பக்கம் தனித்தனி இருக்கைகள் வந்தன. கியர்த் தண்டும் தரைக்கு இறங்கியது. நீண்ட பெஞ்சு இருக்குமிடத்தில் தரைக் கியருக்கு இடமில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டியிருந்தது. தொழிற்சாலையே இப்படிச் சேர்த்து மாற்றும்போது, நாம் ஒன்றை மட்டும் பெயர்த்து வைத்தால் அதனுடன் இணைந்த மற்றொன்று தடுமாறும் என்பதை மறக்கலாகாது.

முதல் வகை: வசதிக்கானவை

இருக்கை உறை, தரைவிரிப்பு, கைத்தாங்கி, கதவுப் பலகை, கியர்க் குமிழ், மேற்கூரைத் துணி ஆகியவை இவ்வகையின. இவற்றிலும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, தரைவிரிப்பு. 2009-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம், விரிப்பு நகர்ந்து ஆக்சிலரேட்டர் மிதியைச் சிக்கவைக்கக்கூடும் என்பதற்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 38 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. எனவே ஓட்டுநர் பக்கத்து விரிப்பு அந்தக் காருக்கென அளவெடுத்ததாகவும், தரையிலுள்ள கொக்கிகளில் மாட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பழைய விரிப்பின் மேல் புதியதை அடுக்குதல் கூடவே கூடாது.

இரண்டாவது, இருக்கை உறை. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரில், இறுகிய உறையைப் போட்டுத் தைத்துவிட்டால் அது விரிய வழியிருக்காது. அத்தகைய இருக்கையின் ஓரத்தில் சிறு அடையாளம் தைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தபின்னரே உறைக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தீ. காரின் உட்புறத் துணிகளும் நுரைகளும் எளிதில் பற்றி எரியாதவையாக இருக்க வேண்டும் என்பதற்கென்றே ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. வீட்டுச் சோபாவுக்கான மலிவான நுரையும் ரெக்சினும் அச்சோதனைக்கு உட்பட்டவை அல்ல.

இரண்டாம் வகை: மின்சுற்றைச் சார்ந்தவை

தொடுதிரை, பின்புறக் கேமரா, பார்க்கிங் சென்சார், ஒலிபெருக்கி, பவர் விண்டோ, ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்கள் ஆகியவை இதில் அடங்கும். பார்க்கிங் சென்சாரும் வேக எச்சரிக்கை ஒலியும் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்டன. பழைய காரில் பின்புறச் சென்சாரைச் சேர்த்துக்கொள்வது பயனுள்ள செலவு.

ஆடியோ கருவியின் முகப்பு அளவு உலகெங்கும் ஒன்றே: ஒற்றை டின் எனில் சுமார் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம், இரட்டை டின் எனில் உயரம் 100 மில்லிமீட்டர். பழைய காரின் டேஷ்போர்டில் எந்த அளவுக்கு இடமிருக்கிறது என்று அளந்து பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

உண்மையான ஆபத்து கம்பியில் இருக்கிறது. 240 வாட் ஒலிபெருக்கி, 12 வோல்ட் மின்சுற்றிலிருந்து 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 10 ஆம்பியருக்கென அமைந்த மெல்லிய கம்பியில் அதை இணைத்தால் ஃபியூஸ் எரியும். அப்போது பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிப்பதே பெருந்தவறு. ஃபியூஸ் என்பது கருவியைக் காப்பதற்கு மட்டும் உரியதன்று. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் தலையாய பணி. கூடுதல் மின்சாரம் வேண்டும் கருவிக்கு, பேட்டரியிலிருந்து தனிக் கம்பியும் அதற்கேற்ற தனி ஃபியூஸும் வேண்டும். காரின் கம்பியை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாக, அந்த மாடலுக்கென விற்கப்படும் கப்ளரைக் கேட்டு வாங்குவது நலம். பின்னாளில் கருவியைக் கழற்றவும் அது எளிது.

வேகமானி அடங்கிய மீட்டர் தொகுதியை மாற்றுவோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஓடிய கிலோமீட்டர் கணக்கு அதிலேயே பதிந்திருக்கும். சில கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் அதனுடன் இணைந்திருக்கும். மாற்றிய நாளில் பழைய மீட்டர் காட்டிய எண்ணைப் பட்டியலில் எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால், விற்கும்போது கணக்கைத் திருத்திய பழி நம்மேல் விழும்.

மூன்றாம் வகை: உயிர் காப்பவை

ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டீயரிங் சக்கரம், இருக்கையின் சட்டம் ஆகிய நான்கும் ஒரே பாதுகாப்பு அமைப்பின் உறுப்புகள்.

ஓட்டுநருக்கான ஏர்பேக் புதிய கார்களில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். முன்னிருக்கைப் பயணிக்கு 2021-இல் கட்டாயமானது. ஆகவே பழைய கார்கள் பலவற்றில் இவை இல்லை. ‘உயர்ந்த வகையின் ஸ்டீயரிங்கை வாங்கி மாட்டினால் ஏர்பேக் வந்துவிடும்’ என்று சிலர் நம்புகின்றனர். ஏர்பேக் என்பது ஸ்டீயரிங்கில் மடித்து வைத்த பை மட்டுமன்று. மோதலை உணரும் சென்சார், முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, வாயுவை உண்டாக்கும் இன்ஃபிளேட்டர், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பொறி ஆகியவை அனைத்தும் அந்தக் காரின் உடல் மோதலில் எப்படி மடங்குகிறது என்று சோதித்து ஒத்திசைக்கப்பட்டவை. அவை இல்லாத காரில் அந்த ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். தவறாக இணைத்தாலோ, ஓடும்போதே வெடித்து விரியவும் கூடும்.

பழைய பாகச் சந்தையில் ஏர்பேக் வாங்குவது இன்னும் அபாயம். ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃபிளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நாட்பட்ட வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன; அந்நிறுவனம் 2017-இல் திவாலானது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கதவுக் கைப்பிடியையோ கண்ணாடியையோ தயக்கமின்றி வாங்கலாம். எந்தக் காரிலிருந்து, எந்த விபத்துக்குப் பின் கழற்றியது என்று அறிய இயலாத ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. ஒருமுறை விபத்தின் விசையைத் தாங்கிய பெல்ட், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மறுமுறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்று முனைகளில் பிணைக்கும் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959-இல் உருவாக்கினார். எல்லா நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வால்வோ இசைந்தது. இன்றும் காரில் அதற்கு ஈடான காவல் இல்லை. பெல்ட்டைச் சுருட்டி வைக்கும் பொறி, குறித்த கோணத்தில் பொருத்தினால்தான் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்ளும். பல புதிய கார்களில் பெல்ட்டின் பூட்டு இருக்கைச் சட்டத்திலேயே உள்ளது. பழைய கார்கள் பலவற்றில் தரையில் உள்ளது. ஆகவே இருக்கையை மாற்றினால் பெல்ட் இடுப்பில் படிய வேண்டிய கோணமே மாறிவிடலாம். அமுங்கிய இருக்கைக்குப் பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு நுரையையும் உறையையும் மட்டும் புதுப்பிப்பதே பாதுகாப்பான வழி.

பழைய காரின் பெல்ட் நைந்திருந்தால், அதே மாடலுக்கான புதிய பெல்ட்டை நிறுவனச் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளமைப்புக்கென ஒதுக்கும் பணத்தில் முதற்செலவு இதுவாக இருக்கட்டும். பெல்ட் அணியாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சட்டம் சொல்வது

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு கூறுகிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. இருக்கை உறையோ தொடுதிரையோ பதிவுச் சான்றின் விவரத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ குறைத்தாலோ, சான்றில் உள்ள எண் பொய்யாகிவிடும். அனுமதியற்ற மாற்றத்துக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கக் காரைச் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாற்றங்கள் அப்போது கண்ணில் படும்.

பணக் கணக்கு

உள்ளமைப்புக்குச் செய்யும் செலவு முதலீடு அன்று, நுகர்வு. ஐந்து ஆண்டுகளைக் கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நாமும் நிறுவனமும் இசைந்து முடிவு செய்வதாகும். அம்மதிப்பு 1,50,000 ரூபாய் உள்ள காரில் 60,000 ரூபாய்க்குப் பாகங்களைப் பொருத்தினால், மதிப்பு 2,10,000 ஆகிவிடாது.

அந்த 60,000 ரூபாயை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் இரண்டாண்டுக் கடனாகப் பெற்றதாகக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 2,880 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது சுமார் 69,140 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டு தொடர் வைப்பில் சேமித்தால், அதே வேலையை வட்டி கொடுக்காமல், வட்டி பெற்றே முடிக்கலாம். காத்திருக்கும் அந்த ஓராண்டில், எது தேவை, எது ஆசை என்பதும் தெளிவாகிவிடும்.

காப்பீட்டில் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்க. ஒன்று, தயாரிப்பாளரின் விலையில் அடங்காத மின்கருவிகளை அறிவித்துத் தனிப் பிரீமியம் செலுத்தினால்தான் அவற்றுக்கு இழப்பீடு உண்டு. மோட்டார் கட்டண விதியில் இது கருவி மதிப்பில் 4 சதவீதம். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடலாம். மற்றொன்று, பழுது இழப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கும் பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. 24,000 ரூபாய் டேஷ்போர்டுக்கு 12,000 ரூபாயே கணக்கில் வரும். அதிலும் வேறு கழிவுகள் உண்டு. அறிவிக்காத கம்பி வேலையால் தீ விபத்து நேர்ந்தால், அந்தத் தொகையும் வழக்காடிப் பெற வேண்டியதாகலாம்.

காரின் மேல் கடன் நிலுவையில் இருந்தால், மாற்றத்துக்கு முன் கடன் ஒப்பந்தத்தைப் படித்து, கிளையில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலைக்கு விடுமுன்

1. தயாரிப்பு ஆண்டு, வகை, பாக எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். சிகந்தராபாத் ராணிகஞ்ச் கடையானாலும் நிறுவன மையமானாலும் இதுவே முறை.
2. மஞ்சள் நிற இணைப்பிகளை எவரும் தொட விடாதீர்கள். அவை ஏர்பேக் சுற்றுக்குரியவை.
3. வேலை முடிந்தபின், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் காரை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.
4. கழற்றிய பழைய பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். சோதனையின்போதோ விற்பனையின்போதோ தேவைப்படும்.
5. ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பட்டியலைப் பெற்று, பதிவுச் சான்றின் நகலுடனும் காப்பீட்டு ஆவணத்துடனும் சேர்த்து வையுங்கள்.

இந்த வரிசையில் செலவு செய்வோருக்குப் பழைய கார் இன்னும் சில ஆண்டுகள் இனிதாக ஓடும்: முதலில் பெல்ட், பிறகு கம்பி, அதன்பின் இருக்கையின் நுரை, இறுதியில் தொடுதிரை.