மேல்மலையனூரில் வாடகைக்கு வீடு தேடுவோருக்கு

அங்காளம்மன் கோயிலுக்கு அருகில் வீடு பார்த்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஓர் அமாவாசை இரவு அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள். ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் வண்டி எங்கே நிற்கும், வாசல் அடைபடுமா, குழந்தைகள் தூங்க முடியுமா என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். மாசித் தேர்த்திருவிழாவுக்கு வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்களா என்றும் கேளுங்கள்.

தனி மின்மீட்டர் உள்ள வீடே நல்லது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் முழுதாக உங்களுக்கே கிடைக்கும்.

கோடையில் குழாயைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் தண்ணீர் பற்றி விசாரித்தால் உண்மை வரும்.

செஞ்சி போன்ற நகர்ப்பகுதிகளில், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. கிராமமானாலும் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.